ஓவன் கதவைச் சாத்துவதற்கு முன்னால்

குழம்பில் உப்பு குறைந்தால் கொதிக்கும்போதே ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளலாம். ரசம் புளித்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டு விளாவிவிடலாம். அடுப்புச் சமையலில் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து, இறக்கும்வரை திருத்திக்கொண்டே போகலாம். ரொட்டியில் அதற்கு இடமில்லை. டின்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய பிறகு நம்மால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. பல வருடம் சமைத்துப் பழகியவர்கள்கூட முதல் ரொட்டியில் தடுமாறுவது இதனால்தான். அவர்களுக்குக் கைப்பக்குவம் இல்லாமல் இல்லை. அந்தப் பக்குவத்தைக் காட்ட வேண்டிய நேரம் முன்கூட்டியே வந்து போய்விடுகிறது.

அதனால் பேக்கிங் கற்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பேக்கிங் வகுப்புக்குப் போனாலும், ஜன்னலோரம் வாசனைச் செடி வளர்த்தாலும், அவை அந்த ரொட்டிக்கே உதவட்டும். காரணம் தெரிந்து செய்த ஒரு ரொட்டி, பார்த்துச் செய்த பத்து ரெசிபிகளைவிட அதிகம் கற்றுத்தரும்.

முதலில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். ஒரு கப் மைதா எவ்வளவு என்று நிறுத்துப் பாருங்கள். கரண்டியால் தளர அள்ளிப் போட்டால் ஏறக்குறைய 120 கிராம் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 கிராம்கூட வரும். ரெசிபி இரண்டு கப் மைதாவுக்கு 180 மில்லி தண்ணீர் என்கிறது என்று வையுங்கள். மாவு 240 கிராமாக இருந்தால் தண்ணீர் அதில் 75 சதவீதம். மேடையிலும் விரலிலும் அப்பிக்கொண்டு விடாது. 300 கிராமாக இருந்தால் 60 சதவீதம். உருண்டையாகத் திரண்டு வரும். ரெசிபியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, மாவு மட்டும் வேறாகிவிட்டது. 'போன தடவை நன்றாக வந்தது, இந்தத் தடவை ஏன் இப்படி?' என்ற கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது.

பேக்கரிக்காரர்கள் மாவை எப்போதும் 100 என்று வைத்து, மற்றவற்றை அதன் சதவீதமாகக் கணக்கிடுவார்கள். சாதாரண வெள்ளை ரொட்டிக்குத் தண்ணீர் 60, எண்ணெய் 5, உப்பு 2, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1. அதாவது 300 கிராம் மைதாவுக்கு 180 கிராம் தண்ணீர், 15 கிராம் எண்ணெய், 6 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட். இந்த நான்கு எண்கள் மனதில் நின்றுவிட்டால், எந்த ரொட்டி ரெசிபியைப் பார்த்தாலும் மாவு இளக்கமாக இருக்குமா, கெட்டியாக இருக்குமா என்று அடுப்பங்கரைக்குள் போகும் முன்பே சொல்லிவிடலாம்.

அடுத்தது பிசைதல். கோதுமையில் குளூட்டனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் இரண்டும் பிணைந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. பரோட்டா மாவைக் கல்லின் மேல் வீசி விசிறும்போது கிழியாமல் இழுபடுவது இதனால்தான். ரொட்டியில் ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைப்பதும் இதே வலைதான். வலை விழுந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மறுபக்கத்து வெளிச்சம் மங்கலாகத் தெரியும் அளவுக்குச் சவ்வுபோல விரிந்தால் போதும். நடுவில் அறுந்தால் மூடிவைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பிசையுங்கள். ஊறும் நேரத்தில் மாவு தானாகவே இளகிக்கொடுக்கும்.

எழும்ப வைப்பதில் இட்லி மாவு அரைத்த கைக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. சித்திரை வெயிலில் இட்லி மாவு சீக்கிரம் பொங்கிவிடும், மார்கழியில் விடிந்தும் அசையாமல் கிடக்கும் என்பதை நாம் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஈஸ்ட்டும் உயிருள்ளதுதான், அதற்கும் இதே நியாயம். ரெசிபியில் 'ஒரு மணி நேரம் விடவும்' என்று இருந்தால், அது எழுதியவர் வீட்டுச் சமையலறைக்கான கணக்கு. மே மாதத்துச் சென்னையில் அதற்குள் மாவு அளவு மீறிப் புளித்துவிடலாம். ஊட்டிக் குளிரில் இரண்டு மணி நேரமும் போதாமல் போகலாம். வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீரில் பிசையுங்கள். இல்லாவிட்டால் மாவை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். மெதுவாகப் புளிக்கும் மாவுக்கு ருசியும் கூடும். சுடுதண்ணீர் மட்டும் ஆகாது. 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும்.

கடிகாரத்துக்குப் பதிலாக விரலை நம்புங்கள். உருட்டி டின்னில் வைத்த பிறகு மறுபடி எழும்பிய மாவில், மாவு தொட்ட விரலால் லேசாக ஓர் அழுத்து அழுத்துங்கள். பள்ளம் உடனே துள்ளி மேலே வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மெல்ல எழுந்து, சின்னத் தடம் மட்டும் விட்டுவைத்தால் ஓவனுக்குத் தயார். எழாமல் அப்படியே கிடந்தால் காலம் கடந்துவிட்டது. அந்த ரொட்டி ஓவனில் உட்கார்ந்துவிடும்.

வீடுகளில் பெரும்பாலும் சின்ன மின்சார ஓவனான ஓடிஜிதான் இருக்கிறது. குமிழை 200-ல் வைத்தால் உள்ளேயும் 200 இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பல மாத அலைச்சல் மிச்சம். சின்ன ஓவனில் மேல் கம்பி மிக அருகில் இருப்பதால் மேல்பாகம் சீக்கிரம் கருகும். டின்னைக் கீழ்த்தட்டில் வையுங்கள். நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள். ரொட்டியின் நடுவில் 93 முதல் 96 டிகிரி இருந்தால் வெந்துவிட்டது. ஆறும்வரை கத்தி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மாவுச்சத்து இறுகுவது அந்த நேரத்தில்தான். சூட்டோடு வெட்டினால் பிசுபிசுவென்று கத்தியோடு வரும்.

இப்போது வகுப்பு. நம் ஊரில் வாய்ப்புகள் குறைவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அடுமனைப் பொருட்கள் தயாரிப்பில் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் இருக்கிறது. சென்னை தரமணியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் இருக்கிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் கிராமத்து இளைஞர்களுக்கு இலவசமாகவே தொழில் கற்றுத்தருகின்றன. தங்கள் வீட்டிலேயே ஒருநாள் வகுப்பு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: மாவை என் கையில் தருவீர்களா, நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதானா? ஒரே நாளில் பன்னிரண்டு வகை கேக் என்று விளம்பரம் செய்யும் வகுப்பைவிட, நாள் முழுக்க ஒரே ரொட்டியைப் பிசைய வைக்கும் வகுப்பு மேல். அளவுகள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். பிசைந்து முடிந்த மாவு தொட்டால் எப்படி இருக்கும் என்பது பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியரின் மாவைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள், பிறகு உங்களுடையதைத் தொடுங்கள். இன்னொன்று: வீட்டில் நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டுப் போங்கள். அப்போதுதான் கேட்பதற்கு உங்களிடம் கேள்வி இருக்கும்.

செடிக்கு வருவோம். ரொட்டிக்கு மேலே தூவ ஓரிகானோ பொட்டலம் தேடி அலைய வேண்டாம். நம் வீட்டுக் கற்பூரவல்லியில், அதாவது ஓமவல்லியில், கார்வக்ரால், தைமால் என்ற வாசனைச் சத்துகள் இருக்கின்றன. ஓரிகானோவின் மணத்துக்கும் இவைதான் காரணம். ஒரு கிளையை ஒடித்து ஊன்றினால் பிடித்துக்கொள்ளும் செடி இது. சந்தையில் வாங்கிய புதினாவில் தடித்த தண்டு இரண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தால் ஓரிரு வாரத்தில் வேர் விடும். இத்தாலியச் சமையலில் வரும் பேசிலும் நம் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனம்; சப்ஜா விதை தருவதும் அதுதான். ரோஸ்மேரி நீலகிரியில் நன்றாக வளரும், சமவெளியின் புழுக்கத்தில் திணறும். ஆரம்பிக்கிறவர்கள் அதைத் தள்ளிப்போடலாம். கொத்தமல்லியை ஐப்பசிக்கு மேல், வெயில் தணிந்த பிறகு விதையுங்கள். கோடையில் இலை விடும் முன்பே பூத்துவிடும்.

வீட்டுக்குள் வளர்ப்பதில் முதல் சிக்கல் வெளிச்சம். கிழக்கு அல்லது தெற்கு ஜன்னல் நல்லது. திருநீற்றுப்பச்சிலைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். புதினா கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது சிக்கல் அன்பு மிகுந்து ஊற்றும் தண்ணீர். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். பறிக்கும்போது இலையை ஒவ்வொன்றாக உருவாமல், திருநீற்றுப்பச்சிலையின் தண்டை ஓர் இலை ஜோடிக்குச் சற்று மேலே கிள்ளுங்கள். அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை புறப்படும். பூமொட்டு கண்ணில் பட்டால் அதையும் கிள்ளிவிடுங்கள்.

எந்த இலையை எப்போது சேர்ப்பது என்பதற்கும் காரணம் உண்டு. இலையின் மணம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சிலை போன்ற மெல்லிய இலைகளை ஓவனுக்குள் அனுப்பினால் மணமெல்லாம் போய்க் கருகல்தான் மிஞ்சும். ரொட்டி வெளியே வந்த பிறகு எண்ணெயில் புரட்டித் தூவுங்கள். ஓமவல்லி தடித்த இலை. பொடியாக நறுக்கி மாவிலேயே பிசையலாம், சூட்டைத் தாங்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையின் வெப்பம், தண்ணீரின் அளவு, மாவு இரட்டிக்க ஆன நேரம், ரொட்டி எப்படி வந்தது. இவை நான்கும் போதும். ஒரு முறை தண்ணீரை 60-லிருந்து 65 சதவீதமாக்குங்கள், வேறெதையும் தொடாதீர்கள். அடுத்த முறை இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். அதற்கடுத்த முறை மைதாவில் கால் பங்கைக் கோதுமை மாவாக மாற்றுங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

இந்த ஒரு ரொட்டி கைக்கு வந்துவிட்டால் பன், பாவ், பீட்சா எல்லாம் அதே எண்களின் சின்ன மாற்றங்கள்தான் என்பது புரியும். அப்போது யாராவது உங்களிடம் ரெசிபி கேட்பார்கள். அளவை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அவர்களையும் பக்கத்தில் நிறுத்தி, மாவைத் தொட வைத்து, காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.