எல்லாரும் சும்மா இருந்தா ஆபத்து இல்லையா? நம்மை ஏமாற்றும் ‘கூட்டு அறியாமை’

வண்ணாரப்பேட்டையில் ஒரு தெரு. இரவு பதினோரு மணி. காற்றில் ஏதோ நெடி. “என்ன ஸ்மெல் இது?” என்று ஜன்னலைத் திறந்து பார்க்கிறீர்கள். எதிர்வீட்டில் டிவி ஓடுகிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் செல்போனில் மூழ்கியிருக்கிறார். ‘ஒண்ணும் இருக்காது’ என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள்.

அந்த அண்ணனும் உங்களைப் பார்த்துத்தான் ‘ஒண்ணும் இருக்காது’ என்று நினைத்திருப்பார்! இதைத்தான் சமூக உளவியலில் ‘கூட்டு அறியாமை’ என்கிறார்கள்.

புகை நிரம்பிய அறை

1968-ல் அமெரிக்க உளவியலாளர்கள் பிப் லடானே, ஜான் டார்லி இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். சற்று நேரத்தில் சுவர்த் துவாரம் வழியாகப் புகை வந்தது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இருவருடன் உட்கார்ந்தவர்களில் சொன்னது 10 சதவீதம் பேர்தான். மற்றவர்கள் இருமிக்கொண்டே படிவத்தை நிரப்பினார்கள்!

பின்னர் கேட்டபோது, ‘அது நீராவி என்று நினைத்தேன்’ என்பதுபோலக் காரணம் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துத்தான் சும்மா இருந்தோம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

எண்ணூரில் நடந்தது

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறலோடு விழித்தவர்கள் அக்கம்பக்கத்தாரையும் எழுப்பிக்கொண்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அம்மோனியாவின் நெடி மூக்கைத் துளைக்கும், சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால், லேசான நெடி என்றால்? தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழ்பவர்களுக்கு அது ‘தினமும் வர்றதுதானே’ என்று பழகிப்போயிருக்கும். கூட்டு அறியாமை வேலை செய்வது அங்கேதான்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் இதே கதைதான். ‘யாராவது பார்த்துக்கோங்க’ என்று மெசேஜ் போட்டால் எல்லோரும் படிப்பார்கள், ஒருவரும் பதில் போடமாட்டார்கள். வேறு யாராவது செய்வார்கள் என்று பொறுப்பு பலரிடம் சிதறிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

* சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேளுங்கள்: “உங்களுக்கும் நெடி வருதா?” ஒருவர் கேட்டாலே மௌனம் உடைந்துவிடும்.
* உதவி கேட்கும்போது ஒருவரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: “நீலச் சட்டை அண்ணா, 108-க்கு போன் பண்ணுங்க.”
* ‘வேற யாராவது சொல்லியிருப்பாங்க’ என்று விடாதீர்கள். அவசர உதவி எண் 112-ஐ நீங்களே அழையுங்கள்.

வெறும் நீராவிதான் என்று தெரியவந்தால், நாலு பேர் சிரிப்பார்கள். அவ்வளவுதான். சிரிக்கட்டுமே!