ஓடுவோம், நம் அளவில்

மாரத்தான் என்பது நெடுந்தூர ஓட்டம். தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர்.

1978ஆம் ஆண்டு பஞ்சாபில் உள்ள ஜலந்தரில் ஒரு மாரத்தான் நடந்தது. சிவநாத் சிங் என்ற வீரர் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் பௌஜா சிங். விவசாயி. பிறகு இங்கிலாந்தில் குடியேறினார். 2000ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் ஓடினார். அப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டார். ஏறத்தாழ 7 மணி நேரம் ஆனது. ஆனாலும் ஓடி முடித்தார்.

இருவரும் கடந்தது ஒரே தூரம். வேகம்தான் வேறு.

நாம் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டையும் கவனிக்கிறவர்கள். நமக்கு எது சரியான இலக்கு?

முதலில் 1 நிமிடம் ஓடுங்கள். பிறகு 2 நிமிடம் நடங்கள். இப்படியே 20 நிமிடம் செய்யுங்கள். வாரம் 3 நாள் போதும். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சில மாதங்களில் 5 கிலோமீட்டர் ஓடலாம்.

அவசரப்பட்டால் முழங்கால் வலிக்கும். பிறகு ஓட்டமே நின்றுவிடும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தவரை முந்த வேண்டாம். போன மாதம் ஓடியதைவிடக் கொஞ்சம் அதிகம் ஓடினால் போதும். அதுவே வெற்றி.