வண்டி சொன்னதை எழுதி வை

கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் தரையில் வளைத்து வளைத்து ஒட்டி, அதன்மேல் சின்ன ரோபோவை ஓடவிடுவதுதான் எங்கள் சனிக்கிழமை வகுப்பின் முதல் பாடம். ஆர்டுயினோ ஊனோ போர்டு, இரண்டு மோட்டார், அடியில் மூன்று அகச்சிவப்பு சென்சார். பிள்ளைகளுக்கு அது 'வண்டி'.

வண்டி யூஎஸ்பி கேபிள் வழியே கம்ப்யூட்டரிடம் பேசிக்கொண்டே ஓடும். ஒவ்வொரு சென்சாரும் பார்ப்பதை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக அனுப்பும். ஒரு பையன் கேபிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பான். ஆர்டுயினோ மென்பொருளில் அந்த எண்களைக் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்தால் எண்கள் விறுவிறுவென்று மேலே ஏறி மறையும். பார்க்க அழகு, பயன் குறைவு. வண்டி தடம் தவறும் நேரத்தில் எல்லார் கண்ணும் வண்டிமேல்தானே இருக்கும்? அதனால் நான் முதலில் சொல்வது, ஃபைலில் சேமி என்பதுதான்.

விண்டோஸில் சுலபமான வழி 'பட்டி' என்ற இலவச மென்பொருள். சைமன் டேதம் எழுதியது. 'சீரியல்' இணைப்பைத் தேர்ந்து, போர்டு எந்த காம் போர்ட்டில் இருக்கிறது, என்ன வேகம் என்று கொடுத்து, 'லாகிங்' பகுதியில் பதிவை இயக்கி ஃபைல் பெயரைக் குறித்தால் போதும், வருவதெல்லாம் அதில் விழும். முன்னதாக சீரியல் மானிட்டரை மூடிவிட வேண்டும். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்திருக்க முடியும். இணைப்பு திறந்ததும் ஊனோ தானாக ரீசெட் ஆகும். பிள்ளைகள் பதறுவார்கள், எனக்கு அது வசதி, கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறதே!

கடிகாரம் என்றேன். வரியின் தொடக்கத்தில் மில்லிசெகண்ட் கணக்கும், பிறகு காற்புள்ளி இட்டு மூன்று சென்சார் எண்களும் வரவேண்டும். அப்போதுதான் எக்ஸெலில் திறந்து வரைபடம் போட முடியும். "இடது சென்சார் மதிப்பு இவ்வளவு" என்று வாக்கியமாக அச்சிடுகிற பழக்கத்தை நான் முளையிலேயே கிள்ளிவிடுவேன்.

வேகம்தான் பலரும் கவனிக்காத இடம். பெரும்பாலான பாடங்களில் 9600 என்றிருக்கும், அதாவது விநாடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்கு 10 பிட் போகிறது. ஆக விநாடிக்கு 960 எழுத்து. நம் வரியில் ஏறக்குறைய 20 எழுத்து, எனவே விநாடிக்கு 48 வரி. வண்டி விநாடிக்கு 30 சென்டிமீட்டர் ஓடினால், இரண்டு வரிகளுக்கு நடுவே 6 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். டேப்பின் அகலமே 2 சென்டிமீட்டருக்குள்தான். அதைவிட வம்பு, அனுப்பக் காத்திருக்கும் எழுத்துகளுக்கு ஊனோவில் 64 பைட்தான் இடம். அது நிரம்பினால் அச்சிடும் கட்டளை அங்கேயே நின்றுவிடும். திரும்ப வேண்டிய வண்டி தாமதமாகத் திரும்பும். எண் அனுப்பினால் தடுமாறுகிறது, நிறுத்தினால் ஒழுங்காக ஓடுகிறது என்றால் சந்தேகம் இங்கேதான் போகவேண்டும். போர்டு, பட்டி என இரு பக்கமும் 115200 என்று வைத்தால் 12 மடங்கு வேகம், இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒரு நாள் வண்டி ஜன்னலோர வளைவில் மட்டும் தப்பித் தப்பி ஓடியது. "சார், வலது மோட்டார் போச்சு சார்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார்கள். "இருடா, ஃபைலைத் திற" என்றேன். எங்கள் சென்சாரில் வெள்ளைத் தரைக்கு எண் 100 பக்கம், கறுப்பு டேப்புக்கு 800 பக்கம். வரைபடத்தில் 11ஆவது விநாடி வரை எல்லாம் சரி. அதன்பின் கறுப்பின்மேல் இருக்கும்போதே வலது சென்சார் 300-க்கு இறங்கியிருந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி திரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "வெயில் சார்!" வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, சென்சார் அதை வெள்ளைத் தரையின் பிரதிபலிப்பு என்று எடுத்துக்கொண்டது.

கறுப்பு சார்ட் பேப்பரை வெட்டி சென்சாரைச் சுற்றி ஒட்டினாள். மறு ஓட்டத்தை வேறு பெயரில் சேமித்து, இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டோம். அந்தப் பள்ளம் காணவில்லை. மோட்டாரை யாரும் கழற்றவில்லை.