பாட்டியின் வாய் ஏன் திறக்கவில்லை?

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. ஈப்போவுக்குக் குடிவந்த பிறகும் அவர் மடியில் வெற்றிலைப் பை இருந்தது. சென்ற தீபாவளியன்று முறுக்கைக் கடிக்கவே வாய் திறக்கவில்லை. “காரம் பட்டாலும் எரியுது” என்றார்.

பல் மருத்துவர், பாட்டியின் மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொன்னார். இரண்டே நுழையவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, இறுகிப் போயிருந்தது. இந்நோயின் பெயர் ‘ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்’. 1952-இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு மருத்துவ உலகுக்குச் சொன்னவர் ஷ்வார்ட்ஸ்.

மாணவர்களே, நம்மைக் காக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் இதில் பங்குண்டு. பாக்கின் நாரும் அதிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருளும் வாயின் மென்தோலைப் புண்படுத்துகின்றன. உடனே மேக்ரோஃபேஜ், டி-அணுக்கள் ஆகிய காவல் அணுக்கள் அங்கே திரள்கின்றன. டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைப் புரதங்கள் சுரக்கின்றன. அவை, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை உருவாக்கும்படி திசு அணுக்களைத் தூண்டுகின்றன. சாதாரணக் காயமானால் ஆறியதும் இந்த வேலை நின்றுவிடும். தினமும் பாக்கு மென்றால் நிற்பதே இல்லை. பாக்கிலுள்ள செம்பு, அந்த நார்களை மேலும் இறுக்கிப் பிணைக்கிறது.

பாட்டிக்கு இதை எப்படிச் சொல்வது? “மரத்தை ரொம்ப ஆழமா வெட்டினா என்னாகும் பாட்டி?” என்று கேட்டேன்.

“காயம்பட்டுப் பட்டை முண்டு முண்டா வளரும். அப்புறம் அந்த இடத்துல சரியா வெட்ட முடியாது.”

“உங்க வாயும் அப்படித்தான்.”

சற்று நேரம் பேசாமலிருந்தவர், வெற்றிலைப் பையை என்னிடமே கொடுத்துவிட்டார்.

பழக்கத்தை விட்டாலும் இறுகிய நார் முழுமையாக இளகுவதில்லை. சிலருக்கு இது புற்றுநோயாகவும் மாறும். அதனால் பாட்டி தவறாமல் பரிசோதனைக்குச் செல்கிறார். “புகையிலை சேர்க்கலையே” என்பதும் சமாதானமாகாது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பொட்டலத்தில் வரும் இனிப்புப் பாக்குக்கும் இது பொருந்தும்.

தாம்பூலம் தட்டில் இருக்கட்டும். அது நம் மரபு. வாய்க்குள் போக வேண்டாம். இன்றே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று விரல் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். விரல்கள் நுழையாவிட்டால் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.