இறைச்சிக்குக் காவல் நிற்கும் வைரஸ்

குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் உணவில் கிருமி வளராது என்று நம்புகிறோம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவிடம் அது பலிக்காது. குளிரிலும் அது மெல்ல மெல்லப் பெருகும். கருவுற்ற பெண்களுக்குத் தொற்றினால் கருச்சிதைவுகூட ஏற்படலாம்.

இந்தப் பொல்லாத கிருமிக்கும் எதிரி உண்டு. ஃபேஜ் என்னும் வைரஸ்தான் அது. பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். மனித செல்களை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். உள்ளேயே பல்கிப் பெருகி, செல் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அத்தோடு பாக்டீரியாவின் கதை முடிந்தது. சமைக்காமல் அப்படியே சாப்பிடும் இறைச்சி வகைகளில் 6 ஃபேஜ்களின் கலவையைத் தெளிக்க, 2006ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது.

கிருமியைக் கொல்வதைவிட, அதைக் காட்டிக்கொடுப்பதில்தான் ஃபேஜின் திறமை நம்மை அசரவைக்கிறது. ஒளி உமிழும் நொதிக்கான மரபணுவை ஆய்வாளர்கள் ஃபேஜுக்குள் பொருத்துகிறார்கள். உணவு மாதிரியில் உயிருள்ள லிஸ்டீரியா இருந்தால், ஃபேஜ் புகுந்ததும் அந்தப் பாக்டீரியா ஒளிரத் தொடங்கும். கருவி அந்த ஒளியை அளந்துவிடும். செத்த பாக்டீரியா ஒளிராது. தட்டில் வளர்த்துப் பார்க்கும் பழைய முறையைப் போல நாள்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனாலும் ஒரு ஃபேஜ் தனக்குரிய பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். லிஸ்டீரியாவுக்கான ஃபேஜ் சால்மோனெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவைத் தொடாது. எனவே பெட்டியிலிருந்து எடுத்த இறைச்சியை, குறிப்பாகக் கருவுற்ற தாய்மார்களும் முதியவர்களும், ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிடுங்கள்.