ஒளிப்பெட்டி – 14: புளி விற்ற காசில் ஒரு கேமரா

போன வாரம் ஷட்டர் வேகத்தோடு நிறுத்தியிருந்தேன். முறைப்படி இந்த வாரம் அப்பெர்ச்சர். நடுவில் ஜமுனாமரத்தூரிலிருந்து வந்த ஒரு போன் வரிசையைக் கலைத்துவிட்டது.

"சார், முப்பது சேத்துட்டேன். எது வாங்கட்டும், சொல்லுங்க."

பேசிய தம்பியை இரண்டு வருடமாகத் தெரியும். ஜவ்வாது மலையில் சாமை அறுப்பைப் படமெடுக்கப் போயிருந்தபோது, என் டிரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் கூடவே வந்தவர். கீழே திருவண்ணாமலையில் டிகிரி முடித்துவிட்டு, கொஞ்ச நாள் கர்நாடகத்துக் காபித் தோட்டத்தில் கூலிக்கு இருந்துவிட்டுத் திரும்பியவர். முப்பதாயிரத்தில் பாதி அந்தக் கூலிக் காசு, மீதி இந்த வருஷப் புளி விற்ற காசு. மலையூர்களில் கல்யாணமோ காதுகுத்தோ திருவிழாவோ எதுவானாலும், போட்டோக்காரர் போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ வண்டி பிடித்து ஏறி வரவேண்டும். அந்த வண்டிச் சத்தத்தையும் பெண் வீட்டார் தலையில்தான் கட்டுவார்கள். நாமே எடுத்தால் என்ன என்பது தம்பியின் கணக்கு. நல்ல கணக்குதான்.

கூடவே வாட்ஸாப்பில் ஒரு கடைக்காரரின் சீட்டையும் அனுப்பியிருந்தார். புத்தம்புது டிஎஸ்எல்ஆர், 18–55 லென்ஸ், பை, மெமரி கார்டு, டிரைபாட் எல்லாம் சேர்த்து ஒரு காம்போ. சீட்டின் உச்சியில் மெகாபிக்ஸல் எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு அடிக்கோடும் இழுத்திருந்தார்கள். அந்த அடிக்கோட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் கேமராவை இப்படி ஒரு காம்போவில்தான் வாங்கினேன். கூடக் கொடுத்த ஜூம் லென்ஸுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சைக் கொடி ஓடியிருந்ததை மூன்றாம் மாதம்தான் பார்த்தேன். கடை பெயர் வேண்டாம். கண்ணைத் திறந்து பார்க்காதவன் நான்.

"எதுவும் வாங்காதே. சனிக்கிழமை காவலூருக்கு வா" என்றேன்.

கேமரா வாங்குவதற்கும் காவலூருக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி கேட்டார். நீங்களும் கேட்பீர்கள்.

ஜவ்வாது மலையின் வடமேற்குப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். கொடைக்கானலில் மேகம் அதிகம் என்பதால், இருட்டும் தெளிவும் உள்ள வேறோர் இடத்தைத் தேடி அலைந்த வானியலாளர் வைணு பாப்பு, 1960களின் கடைசியில் இங்கே வந்து நின்றார். அவர் வாழ்க்கையே ஒரு புகைப்படத்தில் தொடங்கியது என்று சொல்லலாம். 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, இரவு வானத்தை எடுத்த புகைப்படத் தட்டில் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டார். பாப்பு–பாக்–நியூகிர்க் என்று அதற்குப் பெயர். காவலூரில் இன்னொன்றும் நடந்தது. 4130 என்ற எண்ணுள்ள சிறுகோள் 1988-இல் இங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது. கணிதமேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அதைப் பிடித்துக் கொடுத்தது 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி. ஷ்மிட் என்பது கண்ணை வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி அல்ல, அசல் கேமரா. வானியலாளர்களே அதை ஷ்மிட் கேமரா என்றுதான் சொல்வார்கள்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். பெரிய கோபுரத்துக்குள் 2.34 மீட்டர் ஆடி. இழைத்து மெருகேற்றியது நம் ஆட்கள். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்து பாப்புவின் பெயரைச் சூட்டினார். பார்க்கப் பாப்பு இல்லை, 1982-இலேயே போய்விட்டார். அதற்கும் மூத்தது 1972-இல் வந்த ஒரு மீட்டர் ஜெர்மன் தொலைநோக்கி, கார்ல் ஸைஸ் தயாரிப்பு. வந்த வருஷமே வியாழனின் துணைக்கோளான கானிமீடைச் சுற்றிக் காற்றுமண்டலம் இருப்பதற்கான தடயத்தை அது காட்டியது. 1977-இல் யுரேனஸின் வளையங்கள் உலகத்துக்குத் தெரிய வந்தபோது காவலூரின் பதிவும் அதில் சேர்ந்தது.

தம்பியை அந்தக் கோபுரத்தின் கீழ் நிறுத்திச் சொன்னது இதுதான். இந்த ஆடிகள் மாறவில்லை. அவ்வப்போது அலுமினியப் பூச்சை உரித்துப் புதுசாகப் பூசுவார்கள், அவ்வளவுதான். ஆடி திரட்டித் தரும் ஒளியைப் பிடித்துவைக்கிற சாமான்தான் மாறிக்கொண்டே வந்தது. முதலில் புகைப்படத் தட்டு. அப்புறம் சிசிடி. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்து, 2009-இல் தன்னைப் படைத்த இருவருக்கும் நோபல் வாங்கிக் கொடுத்த சில்லு அது. தம்பி வாங்கப்போகும் கேமராவுக்குள் இருக்கும் சென்சார் அதற்குப் பங்காளி முறை.

"அப்ப லென்ஸ்தான் ஆடி. கேமரா வெறும் தட்டுங்கிறீங்க."

ஆமாம். கேமரா உடம்பு நாலு வருஷத்தில் பழசாகும். நல்ல லென்ஸ் அடுத்த உடம்புக்கும் போகும், அதற்கடுத்ததுக்கும் போகும். சீட்டில் அந்தக் கடைக்காரர் முக்கால்வாசிப் பணத்தை உடம்பில் போட்டிருந்தார். நான் அதில் ஒரு பங்கை லென்ஸ் பக்கம் தள்ளச் சொன்னேன்.

மெகாபிக்ஸலை முதலில் தீர்த்துவிடலாம். கல்யாண ஆல்பம் இப்போது பெரும்பாலும் 12×36. விரித்தால் 36 அங்குலம், ஒரு பக்கம் 12×18. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3,600 × 5,400, அதாவது பத்தொன்பது மெகாபிக்ஸல் சொச்சம். 2013-இல் வந்த கேனன் 700டி-யில் 18 மெகாபிக்ஸல் இருக்கிறது. பத்து வருஷம் தாண்டிய பழைய கேமராவே ஆல்பத்தின் ஒரு பக்கத்தைக் கிட்டத்தட்ட நிறைக்கும். 24-க்கு மேல் யாராவது எண்ணைச் சொல்லி விற்றால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

சரி, கல்யாணம் எங்கே நடக்கிறது? மலையூரில் தாழ்ந்த கூரை வீட்டுக்குள், இல்லாவிட்டால் ராத்திரி டியூப்லைட் கட்டிய பந்தலில். 18–55 கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் அதன் திறப்பு எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போட்டால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கிப் பாருங்கள். பத்து மடங்கு என்றால், ஆறில் ஒரு பங்கு நொடி நிறுத்தி எடுத்து மணப்பெண் முகம் கலைந்துபோகிற படத்தை அறுபதில் ஒரு பங்கு நொடியில் அசையாமல் எடுத்துவிடலாம். இந்த லென்ஸ் பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கிறது. இத்தனை மலிவாக இத்தனை ஒளி தருகிற பொருள் கேமராக் கடையில் வேறில்லை.

கேனனா நிக்கானா? இதை எழுதினால் பாதிப் பேர் கோபிப்பார்கள். இரண்டும் நல்ல கேமராதான். கையில் காசு குறைவாக இருந்து, லென்ஸை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழசில் சேர்க்கிறவருக்குக் கேனன் தொல்லை குறைவு. 1987-க்குப் பிறகு அவர்கள் செய்த இஎஃப் லென்ஸ் எதையும் இன்றைய கேனன் டிஎஸ்எல்ஆரில் மாட்டினால் ஆட்டோ ஃபோக்கஸ் வேலை செய்யும். நிக்கானில் அப்படி இல்லை. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடம்புக்குள் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 எஃப் 1.8டி லென்ஸை வாங்கி மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். மோட்டார் உள்ள ஜி லென்ஸ் வேண்டும். புதிய ஏஎஃப்-பி லென்ஸை எடுத்து டி90, டி7000 போன்ற பழைய உடம்பில் மாட்டினாலோ, கையால் திருகினாலும் ஃபோக்கஸ் ஆகாது. இந்த அட்டவணையை மனப்பாடம் செய்யத் தயார் என்றால் தாராளமாக நிக்கான் வாங்கலாம். என்னிடம் இருப்பதே நிக்கான்தான்.

கேனனிலும் எல்லாவற்றையும் தொடாதீர்கள். 3000டி-யில் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். கண்ணாடி போடாமல் வ்யூஃபைண்டரைப் பார்க்கப் பவரைத் திருத்தும் சக்கரமும் அதில் இல்லை. 200டி மார்க் 2 அழகான கேமரா, ஆனால் மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் நடு ஊசியை எடுத்துவிட்டார்கள். வேறு கம்பெனியின் மலிவு ஃப்ளாஷ்களும் டிரிக்கர்களும் அதில் பெரும்பாலும் எரியாது. கல்யாணத்துக்குப் போகிறவருக்கு இது தெரியாவிட்டால் மண்டபத்தில் தெரியும்.

டிஎஸ்எல்ஆர் காலமே முடிந்துவிட்டதே, மிரர்லெஸ் வாங்கச் சொல்லக் கூடாதா என்று கேட்கிறவர்களுக்கு: முடிந்துவிட்டது, அதனால்தான் சொல்கிறேன். இரண்டு கம்பெனிகளும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் கல்யாண போட்டோக்காரர்கள் பழையதைத் தள்ளிவிடுகிறார்கள். விலை இறங்கிவிட்டது. இன்னொன்று, மிரர்லெஸ்ஸில் பார்ப்பதற்கே ஒரு திரை எரிந்துகொண்டிருக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம், பேட்டரி தின்னாது. 700டி-க்கு ஒரு சார்ஜில் 440 படம் என்பது கம்பெனிக் கணக்கு. மழை நாளில் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் இந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. படமெல்லாம் போனில் போட்டுப் போனிலேயே பார்ப்பதற்குத்தான் என்றால், டிஎஸ்எல்ஆரும் வேண்டாம் மிரர்லெஸ்ஸும் வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும். காசை வீணாக்காதீர்கள்.

பழசு வாங்கும்போது தம்பி தனியாகப் போகக் கூடாது என்று நானும் கூடப் போனேன். கூடவர ஆளில்லாதவர்களுக்காக அங்கே செய்ததைச் சொல்கிறேன். எஃப் 16-க்கு வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்தோம். பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார் தூசு கரும்புள்ளியாகத் தெரியும். தூசைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியாது. மூடியைப் போட்டபடியே முப்பது நொடி ஒரு படம். கறுப்பில் சிவப்பும் பச்சையுமாக நாலைந்து பொட்டு தெரிந்தால் கவலையில்லை, நட்சத்திரம் மாதிரி கொட்டிக் கிடந்தால் வேண்டாம். லென்ஸை விரியத் திறந்து பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்தோம். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அதுதான் பூஞ்சை, கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா பார்க்க வேண்டும். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதை நிக்கான் படக்கோப்பிலேயே படித்துவிடலாம். கேனன் அதைக் கோப்பில் எழுதுவதில்லை, தனி மென்பொருள் வேண்டும். இந்த வகை உடம்புகளுக்கு ஒரு லட்சம் அடி என்பது பொதுவான கணக்கு. விற்பவர் "வீட்டு உபயோகம்தான் சார்" என்றால் சிரித்துக்கொண்டே எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

டிரைபாட் பற்றி ஒரு வார்த்தை. காம்போவில் வரும் கால்கள் மலைக்காற்றுக்கு நாணல் மாதிரி ஆடும். கொஞ்சம் கனமானதாக வாங்கி, மஞ்சப்பையில் நாலு கல்லைப் போட்டு நடுக்கம்பத்தில் தொங்கவிட்டால் போதும்.

காவலூரிலிருந்து திரும்பிய அன்று நிலா இல்லை. வைகாசி. ஒன்பது மணிவாக்கில், ஆய்வகத்துக்கு வெகு தூரம் தள்ளி ரோட்டோரமாக என் கேமராவை நிறுத்தினோம். அந்தக் கோபுரங்கள் இருக்கும் பக்கம் டார்ச்சோ ஃப்ளாஷோ ஹெட்லைட்டோ அடித்து விளையாடாதீர்கள். அங்கே ஒருவர் ராத்திரி முழுக்க இருட்டுக்காகக் காத்திருப்பார். தெற்கே மலை விளிம்புக்குச் சற்று மேலே தென்சிலுவை நேராக நின்றது. 50 மி.மீ. லென்ஸ் என்றால் கேனன் 700டி வகைக் கேமராவில் ஆறு நொடிக்கு மேல் திறந்துவைத்தால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். 500-ஐ லென்ஸ் எண்ணாலும், அதன் சென்சார் அளவுக்கான 1.6-ஆலும் வகுத்தால் வரும் நொடி அது. 18-க்கு வைத்தால் பதினேழு நொடி வரை போகலாம். தம்பி ஆறு நொடி வைத்து அழுத்தினார். திரையில் வந்ததைப் பார்த்துவிட்டு, "எங்க ஊருக்கு மேல இவ்ளோ இருக்கா" என்றார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

கடைசியில் வாங்கியது கேனன் 700டி, 18–55-உடன், பழசு, 17,000. 50 எஃப் 1.8 புதுசு, 9,200. டிரைபாட் 2,000. கார்டும் இன்னொரு பேட்டரியும் 1,500. மிச்சம் 300 ரூபாய். அதில் மூடி இறுகிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வாங்கச் சொல்லியிருந்தேன். தம்பி, இதைப் படிக்கிறாய் என்று தெரியும். மழை இறங்குவதற்குள் வாங்கிவிடு.