ராசி பார்க்காத மாத்திரை

மிதுன ராசிக்காரருக்கு மாரடைப்பு வந்தால் ஆஸ்பிரின் ஆகாது. துலாம் ராசிக்கும் ஆகாது. மற்ற பத்து ராசிக்காரர்கள் தாராளமாக விழுங்கலாம். இப்படிப் பொருள்படும் ஒரு கணக்கு அச்சானது வாரபலன் பக்கத்தில் அல்ல. 1988 ஆகஸ்டில், உலகப் புகழ்பெற்ற ‘லான்செட்’ மருத்துவ இதழில். எழுதியவர்கள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

அந்தக் கதைக்கு முன் மாரடைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் வருடக்கணக்காகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்கிறது. உடம்பு அதைக் காயம் என்று நினைத்துக்கொள்கிறது. அரிவாள்மணையில் விரல் பட்டால் ரத்தத்தை நிறுத்த ஓடிவரும் அதே தட்டணுக்கள் இங்கேயும் வந்து குவிய, ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளச் சுரக்கும் வேதிப்பொருளை ஆஸ்பிரின் தடுத்துவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது என்பதால், முடங்கிய நொதியை மறுபடி செய்துகொள்ள அதற்கு வழியில்லை. தன் ஆயுள் முழுக்க, ஏறக்குறைய பத்து நாள், அது வாயடைத்தே கிடக்கும்.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவில் கிளெண்டேல் என்ற ஊரின் டாக்டர் லாரன்ஸ் கிரேவன். டான்சில் அறுவை செய்துகொண்டவர்கள் வலி தெரியாமலிருக்க ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் மென்றார்கள். அதிகமாக மென்றவர்களுக்கு ரத்தக் கசிவும் அதிகமாக இருந்தது. ரத்தம் உறையவிடாத பொருள் மாரடைப்பையும் தடுக்குமே என்று அவருக்குப் பொறி தட்டியது. தன்னிடம் வந்த ஆண்களைத் தினமும் சாப்பிடச் சொன்னார். 1950களில் கட்டுரைகளும் எழுதினார். மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. மாத்திரை சாப்பிடாத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டு அவர் பார்க்கவில்லை என்பது பெரிய ஓட்டை. 1957இல் கிரேவனே மாரடைப்பில் இறந்தார்.

அந்த ஓட்டை இல்லாமல் நடந்தது ‘ஐசிஸ்-2’ என்ற ஆக்ஸ்போர்டு ஆய்வு. 16 நாடுகள், 417 மருத்துவமனைகள், மாரடைப்பாக இருக்கலாம் என்று சேர்க்கப்பட்ட 17,187 பேர். யாருக்கு ஆஸ்பிரின், யாருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தையும் கூடவே இப்படிச் சோதித்தார்கள். இரண்டும் கிடைக்காதவர்களில் 100க்கு 13.2 பேர் இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் ஐந்து வாரத்துக்குள் இறந்தார்கள். இரண்டும் கிடைத்தவர்களில் அது 8 பேர்தான்.

வெளியிடுவதற்கு முன் ‘லான்செட்’ இதழ் ஒரு கேள்வி போட்டது: எந்த வயதுக்கு, எந்த வகை நோயாளிக்குப் பலன் என்று பிரித்துக் காட்ட முடியுமா? பொடிப்பொடியாகப் பிரித்தால் கணக்கு ஏமாற்றும் என்பது ஆய்வை நடத்திய ரிச்சர்ட் பீட்டோ, ரோரி காலின்ஸ் குழுவினருக்குத் தெரியும். அதைக் காட்டவே பிறந்த தேதியை வைத்து ராசிவாரியாகவும் பிரித்தார்கள். நம் ஜாதகம் சந்திரனை வைத்துச் சொல்லும் ராசியல்ல, மேலைநாட்டார் சூரியனை வைத்துச் சொல்வது. மிதுனத்திலும் துலாமிலும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்குச் சாவு 9 சதவீதம் கூடுதல். மற்ற ராசிகளில் 28 சதவீதம் குறைவு! வெறும் தற்செயல். அந்தக் குறும்பைக் கட்டுரைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

ராசி பார்க்காது என்பதற்காக ஆஸ்பிரின் எல்லாருக்கும் நல்லது என்றாகிவிடாது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதய நோய் இல்லாத முதியோர் 19,114 பேரிடம் நடந்த ‘ஆஸ்ப்ரீ’ ஆய்வு 2018இல் வெளியானது. தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டதால் அவர்களின் நலமான ஆயுள் கூடவில்லை. கடுமையான ரத்தக்கசிவுதான் கூடியது. டாக்டரைக் கேட்காமல் மருந்துக்கடையில் வாங்கித் தினமும் போட்டுக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

மாரடைப்பு வந்த நேரத்திலோ கணக்கே வேறு. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே கொடுப்பதற்கென்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் 14 மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு ஆஸ்பிரின். அங்கே நர்ஸ் கேட்பது எத்தனை மணிக்கு வலி தொடங்கியது என்பதைத்தான்.